முழந்தாளிட்ட பெற்றோர்: ஒரு போர்நினைவுச் சின்னம் எழுப்பும் அறவினா

போரில் இறந்தோர்க்குக் கல் நாட்டும் வழக்கம் போரைப் போலவே பழையது. கல்லின் வடிவம் காலத்துக்குக் காலமும் நாட்டுக்கு நாடும் வேறுபட்டபோதிலும் அது பேசும் மொழி பெரும்பாலும் ஒன்றே. வீழ்ந்தவன் அங்கே நிமிர்ந்து நிற்பான். கையில் படைக்கலம் இருக்கும். பீடத்தில் நாட்டின் பெயரும் நாட்டின் நன்றியும் பொறிக்கப்பட்டிருக்கும். இறந்தவனின் சார்பிலே கல் பேசுகின்றது என்று நாம் எண்ணிக்கொள்கின்றோம். உண்மையில் அவனை அனுப்பியவர்களின் சார்பிலேயே அது பேசுகின்றது. அனுப்பியவர்களோ அக்கல்லில் எங்கும் காணப்படுவதில்லை.

அனுப்பியவர்களைக் காட்டி, அனுப்பப்பட்டவனைக் காட்டாது விட்ட சின்னம் ஒன்று பெல்ஜிய நாட்டின் மேற்குப் பகுதியில், விளாட்ஸ்லோ என்னும் சிற்றூரை அடுத்த ஜேர்மானியப் போர்வீரர் மயானத்தில் இருக்கின்றது. அதில் வீரன் இல்லை, படைக்கலம் இல்லை, வெற்றிமாலையும் இல்லை. தனித்தனிப் பீடங்களில் முழந்தாளிட்டிருக்கும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மாத்திரமே உள்ளனர். 'துயருறும் பெற்றோர்' என வழங்கும் இவ்விரு சிலைகளையும் ஆக்கியவர் கேற்றே கொல்விற்ஸ் (1867 - 1945). ஆணின் முகம் அவருடைய கணவரின் முகம். பெண்ணின் முகம் அவருடையதே. அவர்களுடைய இளைய மகன் பீற்றர் 1914 ஒக்ரோபர் 22க்கும் 23க்கும் இடைப்பட்ட இரவில், டிக்ஸ்மோய்ட நகருக்கு அண்மையில், தனது பதினெட்டாவது வயதில் கொல்லப்பட்டான். அவன் போருக்குப் போவதைத் தந்தை மறுத்தார். தந்தையை இசையச் செய்தவர் தாய்.

இக்கடைசிச் செய்தியே இக்கட்டுரை எழுதப்படுவதற்குக் காரணமாயிற்று. ஒரு சாவுக்கு இசைவளித்தவர் அச்சாவுக்கு நேர்மையானதொரு நினைவுச் சின்னத்தை எழுப்புதல் கூடுமா? கூடுமாயின், அது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது? சிற்பக்கலையின் நுட்பங்களை ஆராயும் தகுதி எனக்கில்லை. எமது நூலகத்திலே பழைய நூலொன்றில் இச்சிலைகளின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கண்ட நாள் தொடக்கம் இவ்வினா என்னை விட்டு அகலவில்லை என்பது ஒன்றே இதனை எழுத எனக்குள்ள உரிமை.

கொல்விற்ஸ் அந்நாளைய கிழக்குப் பிரசியாவின் கோனிக்ஸ்பேர்க் நகரிற் பிறந்தவர். கணவர் கார்ள் பேர்லினின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியொன்றில் வைத்தியராகப் பணிபுரிந்தார். அவரிடம் வந்த ஏழைப் பெண்களின் முகங்களே கொல்விற்ஸின் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன. நெசவாளர் கிளர்ச்சி பற்றியும், பதினாறாம் நூற்றாண்டின் விவசாயிகள் போர் பற்றியும் அவர் ஆக்கிய அச்சோவியத் தொடர்கள் அவரை நாடறியச் செய்தன. விவசாயிகள் போர்த் தொடரில் ஓர் ஓவியம் உண்டு. இரவிலே, பிணங்கள் பரந்து கிடக்கும் களத்தில், ஒரு தாய் குனிந்து விளக்கொளியில் ஒரு முகத்தைத் தொட்டுப் பார்க்கின்றாள். 1903ஆம் ஆண்டில் அவர் வரைந்த மற்றோர் ஓவியத்தில் ஒரு தாய் தன் இறந்த பிள்ளையை விலங்கு போலக் கட்டியணைத்திருக்கின்றாள். அதற்கு மாதிரியாக அவர் கண்ணாடிமுன் இருந்து தம்மையே வரைந்தார். மடியில் கிடத்திய பிள்ளை ஏழு வயதுப் பீற்றர். ஆகவே, போர் என்றால் என்ன, பிள்ளையை இழத்தல் என்றால் என்ன என்பவற்றை அறியாத ஒரு பேதைத் தாய் 1914இல் ஏமாற்றப்பட்டாள் என்று இவ்வரலாற்றைச் சுருக்கிவிட இயலாது. அறிந்தவர்தாம் இசைந்தார். இதுவே இதன் கசப்பு.

1914 ஓகஸ்டில் போர் மூண்டபொழுது பீற்றரின் வயதினர் அழைக்கப்பட்டிருக்கவில்லை. இருபத்தொரு வயது நிரம்பாத ஒருவன் தொண்டனாகச் சேர்வதற்குத் தந்தையின் அனுமதி வேண்டும். சமூக சனநாயகக் கொள்கையரான கார்ள் மறுத்தார். நாட்டுக்கு நீ தேவையாயின் உன்னை அழைத்திருக்கும் என்பது அவருடைய வாதம். என் வயதினர் தேவையில்லாதிருக்கலாம், நான் தேவை என்பது மகனுடைய வாதம். சொல்லிவிட்டு அவன் தாயைப் பார்த்தான். தாய் எழுந்து தந்தையிடம் பேசினார். ஓகஸ்ட் 10ஆம் நாள் நிகழ்ந்த இவ்வுரையாடலைக் கொல்விற்ஸ் தமது நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். அதே மாத இறுதியில், பிள்ளைகளைப் பலியிடுதலில் உள்ள இன்பம் பற்றி ஒரு பெண் எழுத்தாளர் பத்திரிகையில் எழுதியதை வாசித்துவிட்டு, வாழ்நாளெல்லாம் கண்ணை இமை காப்பதுபோலப் பிள்ளைகளைக் காத்த பெண்களுக்கு அவர்களைப் பீரங்கி வாயிற்கு அனுப்பும் துணிவு எங்கிருந்து வருகின்றதென அவர் வியந்து எழுதுகின்றார். இந்த எழுச்சிக்குப்பின் கொடிய மனமுறிவு வருமென்று அஞ்சவும் செய்கின்றார். இரண்டு குறிப்புகளுக்கும் இடையில் மூன்று வாரங்கள்கூட இல்லை. ஒக்ரோபர் மாத நடுவில் பீற்றர் போர்முனைக்குப் புறப்பட்டான். பத்து நாள்களளவில் எல்லாம் முடிந்துவிட்டது.

பலி என்ற சொல்லை இவ்விடத்திற் சற்று நிறுத்தி நோக்குதல் தகும். பலிக்குக் கொடுப்போன், கொடுக்கப்படும் பொருள், பெறுவோன் என மூன்று வேண்டும். கொடுக்கப்படுவது கொடுப்போனுக்கு உரியதாக இருத்தலும் வேண்டும். அயலான் தோட்டத்து ஆட்டைக் கொண்டுபோய் நேர்த்திக்கடன் கழிப்பவனை நாம் பக்தன் என்பதில்லை. பீற்றர் தன்னைக் கொடுத்தான் என்றால் அதில் முரண்பாடில்லை, உயிர் அவனுடையது. தாய் பீற்றரைக் கொடுத்தாள் என்றால் என்ன பொருள்? மகன் அவளுக்குரிய பொருள் எனின், அவள் தன் உடலில் ஒரு கீறலும் படாது மற்றோர் உடலைக் கொடுத்தவள் ஆகின்றாள். மகன் தனக்குத்தானே உரியவன் எனின், அவள் எதனையும் கொடுக்கவில்லை. கதவின் தாழைத் திறந்துவிட்டாள், அவ்வளவே. எவ்வழி நோக்கினும் பலி என்ற சொல் தாயின் செயலுக்குப் பொருந்துவதாக இல்லை. ஆனால் அவளுக்கு அச்சொல் இன்றியமையாதது. அது இல்லாவிடில், தான் செய்ததற்கு வேறு என்ன பெயர் இடுவது?

தமிழ் பயின்ற எவருக்கும் இவ்விடத்தில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய புறநானூற்று 279ஆம் பாடல் நினைவுக்கு வராதிருக்காது. முன்னைய போர்களில் உற்றாரையும் கணவனையும் இழந்த ஒருத்தி, செருப்பறை கேட்டதும் தன் ஒரே மகனின் தலையை வாரி வேலைக் கையிற் கொடுத்து அனுப்புகின்றாள். அவளை மூதின் மகள் எனப் போற்றக் கற்றிருக்கின்றோம். பரீட்சையிலும் எழுதியிருக்கின்றோம். அப்பாடல் மகன் புறப்படும் கணத்தில் நின்றுவிடுகின்றது. அடுத்த நாள் அவள் என்ன செய்தாள் என்பது பாடலின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இது பாடலின் குறையன்று. வீரயுகக் கவிதைக்கு அடுத்த நாள் என்பதொன்று தேவைப்படவில்லை. கொல்விற்ஸுக்கோ அந்த அடுத்த நாள் பதினெட்டு ஆண்டுகள் நீண்டது. பீற்றர் உயிரோடிருந்த காலமும் அவ்வளவே.

மகன் இறந்த சில கிழமைகளில், 1914 டிசெம்பரில், நினைவுச் சின்னம் பற்றிய எண்ணம் அவருக்கு உருவாயிற்று. முதலில் அவர் கருதிய வடிவம் வேறு. பீற்றரின் உடல் நீட்டிக் கிடக்கும். தலைமாட்டில் தந்தை, கால்மாட்டில் தாய். பேர்லினுக்கு அண்மையில் ஹாவல் ஆற்றை நோக்கிய மேட்டில் அது நிறுவப்படும். இளந்தொண்டர் அனைவருடைய தியாகத்துக்கும் அது சின்னமாகும். இத்திட்டத்தில் அவர் ஆண்டுக்கணக்காக உழைத்தார். கைகூடவில்லை. 1919இல் அதனைக் கைவிட்டார், மீண்டும் வருவேன் என மகனுக்கு வாக்களித்துவிட்டு.

ஏன் கைகூடவில்லை? சிற்பத்தொழிலில் அவருக்கிருந்த அனுபவக் குறைவு ஒரு காரணமாகலாம். அவர் அதுவரை பெரும்பாலும் அச்சோவியராகவே இருந்தவர். ஆயினும் முதன்மையான தடை கையில் இருந்ததாகத் தோன்றவில்லை. 1916இலேயே அவர் நாட்குறிப்பில் தம் மகனை நோக்கி ஒரு கேள்வி கேட்கின்றார். இப்போரில் பித்தன்றி வேறெதனையும் நான் காணவில்லையெனின், அது உனக்கு நான் இழைக்கும் துரோகமாகுமா என்பதே அக்கேள்வியின் சாரம். பீற்றர் ஒரு நம்பிக்கையோடு இறந்தான். போர் நியாயமற்றது எனச் சொல்லுதல் அந்நம்பிக்கையை ஏமாளித்தனம் எனச் சொல்லுவதாகும். இறந்தவனை மறுமுறை கொல்வது போன்றதாகும். சொல்லாது விடுதலோ இன்னும் உயிரோடிருக்கும் பிள்ளைகளை அதே வழியில் அனுப்புவதாகும். தியாகச் சின்னம் ஒன்றை ஆக்கப் புகுந்தவரின் கை இவ்விரண்டுக்கும் நடுவே நின்றுவிட்டது.

1918 ஒக்ரோபரில் இச்சிக்கல் வெளிவெளியாக வெடித்தது. தோல்வி உறுதியாகிவிட்ட அவ்வேளையில் கவிஞர் றிச்சாட் டேமல், போரிட வல்ல அனைவரும் இறுதியாக ஒருமுறை தொண்டர்களாக முன்வர வேண்டுமெனப் பத்திரிகையில் அறைகூவினார். அவரை வெறும் வாய்வீரர் என்று தள்ள முடியாது. ஐம்பது வயது கடந்தபின் தாமே தொண்டராகச் சேர்ந்தவர் அவர். கொல்விற்ஸ் அவருக்குப் பகிரங்கமாக மறுமொழி எழுதினார். இறந்தது போதும் என்பதே அதன் உள்ளடக்கம். விதைத் தானியத்தை அரைத்துண்ணல் ஆகாது என்னும் பொருள்படும் கேதேயின் சொல்லொன்றை அவர் தமக்குத் துணையாகக் கொண்டார். வறுமை எவ்வளவு முற்றினும் விதைநெல்லிற் கைவைக்காத கமக்காரரின் பேரப்பிள்ளைகளான எமக்கு இவ்வாதம் எளிதில் விளங்கும்.

இவ்வாறு மாறியதனால் அவர் மகனுக்குத் துரோகம் செய்தாரா? இல்லை என்பதே என் துணிபு. ஆயினும் அதற்குச் சொல்லப்படும் காரணம் கவனமாகச் சொல்லப்பட வேண்டும். இறந்தவனால் தன் கருத்தை மாற்றிக்கொள்ள முடியாது. உயிரோடு இருந்திருந்தால் பீற்றர் நாற்பது வயதில் எவ்வாறு எண்ணியிருப்பான் என்பதை எவரும் அறியார். பதினெட்டு வயதில், ஓர் ஓகஸ்ட் மாதத்து ஆரவாரத்தின் நடுவே, அவன் கொண்ட கருத்தில் அவனை என்றென்றைக்கும் நிறுத்திவைத்து அதனைப் பற்றுறுதி என்பது தகாது. இவ்வளவும் சரியே. ஆனால் இதே நியாயத்தைக் கொண்டு உயிரோடிருப்போர் தமக்கு வேண்டிய கருத்தை இறந்தோர் வாயில் இடவும் கூடும். அவன் இருந்திருந்தால் எம்மோடுதான் இருந்திருப்பான் என்று கூறாத அரசியற் கட்சி எது? போரை விரும்புவோர் இறந்தோரைப் போருக்குச் சாட்சியாக்குகின்றனர்; அமைதியை விரும்புவோர் அமைதிக்குச் சாட்சியாக்குகின்றனர். இரு திறத்தாரும் இறந்தவனிடம் அனுமதி கேட்பதில்லை.

கொல்விற்ஸ் இருபதுகளின் நடுப்பகுதியில் மீண்டும் வேலையைத் தொடங்கியபொழுது கண்ட தீர்வு இவ்விடத்திலேயே அறத்தின்பாற் சிறப்புடையதாகின்றது. அவர் மகனின் உருவத்தையே சின்னத்திலிருந்து அகற்றிவிட்டார். அவன் வீரன் என்றும் சொல்லவில்லை. ஏமாளி என்றும் சொல்லவில்லை. அவனைப் பற்றிப் பேசும் உரிமையையே விட்டுக்கொடுத்தார். எஞ்சியவர்கள் பெற்றோர். தம்மைப் பற்றிப் பேச எவருக்கும் உரிமையுண்டல்லவா?

1926இல் அவரும் கணவரும் ரொக்கெவெல்ட என்னுமிடத்தில் இருந்த மயானத்துக்குச் சென்று மகனின் புதைகுழியைக் கண்டனர். சிலைகள் அங்கேயே இருத்தல் வேண்டும் என்பது முடிவாயிற்று. 1931இல் சாந்து மாதிரிகள் பேர்லினில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றைப் பார்த்துக் கற்றச்சர் பெல்ஜியக் கருங்கல்லில் வடித்தனர். 1932 யூலையில் அவை மயானத்தில் நிறுவப்பட்டன. அன்று அவர் தம் முகத்தைக் கொண்ட கற்பெண்ணின் முன் நின்று அழுது அதன் கன்னத்தைத் தடவியதாகவும், கார்ள் பின்னே நின்றதாகவும் குறிப்பெழுதியுள்ளார்.

தந்தை நிமிர்ந்து முழந்தாளிட்டிருக்கின்றார். இரு கைகளாலும் தம் மார்பைத் தாமே இறுக அணைத்திருக்கின்றார். குளிரில் நடுங்குபவர் போலவும், உள்ளிருந்து ஏதோ வெளியேறாதபடி தடுப்பவர் போலவும். பார்வை தாழ்ந்து எதிரேயுள்ள கற்களில் நிலைத்திருக்கின்றது. தாய் போர்வைக்குள் ஒடுங்கி முன்னோக்கி வளைந்திருக்கின்றார். முகம் நிலத்தைப் பார்க்கின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, தொடவும் இல்லை. பத்தாண்டுகளுக்கு முன் கொல்விற்ஸ் ஆக்கிய 'போர்' என்னும் மரச்செதுக்கோவியத் தொடரில் இதே பெற்றோர் ஒருவர்மீது ஒருவர் சாய்ந்து ஒரே பிண்டமாகக் காணப்பட்டனர். கல்லில் அவர்கள் பிரிந்துவிட்டனர். நடுவே வெறும் வெளி. மறுத்தவரும் இசைவித்தவரும் ஒரே துயரை அடைந்தாலும் ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க இயலாது என நான் இதனைப் பொருள்கொள்கின்றேன். சிற்பியின் கருத்து இதுவே என வற்புறுத்தேன். தாய் அதிகம் வளைந்திருப்பதனால் அதிகம் குற்றமுடையவர் என்று அளவுகோல் வைத்துக் காட்டிய நண்பர் ஒருவரோடு நான் உடன்படவில்லை.

முழந்தாளிடுதல் வழிபாட்டின் நிலை. ஆயினும் இவர்களுக்கு முன்னே சிலுவையோ கொடியோ உருவாக்கப்படவில்லை. முன்னே இருப்பவை இறந்தோரின் பெயர்கள் மாத்திரமே. ஆகவே பெற்றோர் பிள்ளைகளின் முன் முழந்தாளிட்டிருக்கின்றனர். உலகில் வழமையாக நிகழ்வது இதற்கு நேர்மாறானது. பிள்ளைகளே பெற்றோரின் காலில் விழுவர். மூத்தோர் இளையோரிடம் இந்நிலையில் எதனைக் கேட்க முடியும்? மன்னிப்பைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மன்னிக்க வேண்டியவர்கள் இறந்துவிட்டனர். அம்மன்னிப்புக் கிடைக்க வழியே இல்லை. எனவேதான் அவர்களால் எழுந்திருக்க முடியவில்லை போலும்.

இங்கு மெய்யியலாளர் ஒருவரின் கருத்தை ஒப்பிடலாம். பேர்ணாட் வில்லியம்ஸ் 1976இல் எழுதிய கட்டுரையொன்றில் லொறிச் சாரதி ஒருவனை எடுத்துக்காட்டுவார். தன் பிழை யாதுமின்றி ஒரு குழந்தையை மோதிக் கொன்றுவிட்ட அவனுக்கு, பார்த்து நின்றோரின் துயரினும் வேறான ஒரு துயர் உண்டாகும். செய்தவன் தான் என்பதால் விளையும் துயர் அது. அதனை உணராத சாரதியை நாம் ஐயத்தோடு நோக்குவோம் என்பார் வில்லியம்ஸ். இக்கருத்துக் கொல்விற்ஸின் நிலையை ஓரளவு விளக்குகின்றது. முழுவதும் விளக்கவில்லை. சாரதி குழந்தையைக் காணவில்லை. கொல்விற்ஸ் பார்த்துக்கொண்டே பேசினார். எனினும் அவர் செய்த பிழை எது என்று சுட்டிச் சொல்ல முயன்றால் அது கைக்குள் அகப்படுவதில்லை. மகனின் விருப்பத்தை மதித்தார். வளர்ந்த பிள்ளையின் மனச்சாட்சிக்கு வழிவிட்டார். வேறொரு விடயத்தில் இதே செயலை நாம் நல்ல தாயின் இலக்கணம் எனப் பாராட்டியிருப்போம். நற்பண்பொன்று தீமையின் கருவியாக இயங்கியது. சட்டத்தின்முன் இது குற்றமன்று. மனத்தின்முன் குற்றமன்று என்று கூறவும் முடியவில்லை. இவ்வகைப் பொறுப்புக்கு எமது அறவியற் சொற்களில் செம்மையான பெயர் இல்லை.

இதுவரை கூறியவற்றுக்கு வலிமையான ஒரு மறுப்பு உண்டு. இது யாருடைய மண்? நடுநிலை நாடான பெல்ஜியத்தினுள் 1914 ஓகஸ்ட் 4இல் புகுந்தது ஜேர்மானியப் படை. அம்மாதத்திலேயே லூவன் பல்கலைக்கழகத்தின் நூலகம் அப்படையினரால் எரிக்கப்பட்டது. நூலகம் எரிவதென்றால் என்னவென்று இதனை வாசிப்போர்க்கு விளக்கவேண்டியதில்லை. ஆயுதமற்ற குடிமக்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பீற்றர் அப்படையில் ஒருவன். அவனுடைய பெற்றோரின் துயர், அப்படையால் கொல்லப்பட்டோரின் பெற்றோருடைய மண்ணில், கருங்கல்லில் நிற்கின்றது. ஆக்கிரமித்தவனின் தாய் அழுவதற்குரிய இடம் அதுதானா?

இம்மறுப்பை இலகுவில் தள்ளிவிடலாகாது. போரில் எல்லாத் தாயரின் கண்ணீரும் ஒன்றே என்று கூறி முடிப்பது எமக்குப் பழகிய விடை. கண்ணீர் ஒன்றாக இருக்கலாம், கணக்கு ஒன்றல்ல. எனினும் இச்சிலைகள் அக்கணக்கை மறைக்க முயலவில்லை என்பதைக் கருதவேண்டும். அதே பிளாண்டர்ஸ் பகுதியில் சில மைல் தொலைவிலுள்ள லாங்கெமார்க் மயானத்தோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். 1914இன் இலையுதிர் காலத்தில் இளம் மாணவத் தொண்டர்கள் பாடிக்கொண்டே சாவை நோக்கிச் சென்றனர் என்னும் கதை லாங்கெமார்க் என்ற பெயரைச் சுற்றியே வளர்க்கப்பட்டது. அம்மயானமும் 1932இலேயே முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. 1940இல் பெல்ஜியத்தை மீண்டும் கைப்பற்றிய பின் ஹிட்லர் நேரில் சென்று நின்ற இடம் அது. பீற்றரும் அதே இலையுதிர் காலத்தில் இறந்த இளந்தொண்டனே. அக்கதைக்கு அவனும் ஏற்ற பாத்திரமே. முழந்தாளிட்ட இரு முதியவர்களின் முன்னே அக்கதையைச் சொல்ல எவருக்கும் நா எழாது. ஆக்கிரமித்த நாட்டின் குடிமகள் ஒருத்தி, வென்றோம் என்றோ தோற்றோம் என்றோ சொல்லாது, அந்நிய மண்ணில் முழந்தாளிட்டிருப்பதில் ஒரு தகுதி உண்டு என்றே எனக்குப் படுகின்றது. பெல்ஜியத் தாயொருத்தி இதனை ஏற்கவேண்டும் என்று கேட்கும் உரிமை மட்டும் எனக்கோ கொல்விற்ஸுக்கோ இல்லை.

சின்னத்தின் நேர்மை அது நிற்கும் இடத்தையும் அளவையும் எவ்வளவு பொறுத்தது என்பதைப் பிற்காலத்து நிகழ்ச்சியொன்று காட்டிற்று. கொல்விற்ஸ் 1937 - 38இல் இறந்த மகனை மடியில் ஏந்திய தாயின் சிறு உருவமொன்றை ஆக்கினார். மேசையின்மேல் வைக்கத்தக்க அளவினது. ஜேர்மனி ஒன்றிணைந்தபின், 1993இல், அதனை ஏறக்குறைய நான்கு மடங்கு பெரிதாக்கிப் பேர்லினின் நோயே வாகே மண்டபத்தில் போருக்கும் கொடுங்கோன்மைக்கும் பலியானோர் அனைவருக்குமான தேசியச் சின்னமாக அரசு நிறுவியது. கண்டனம் எழுந்தது. கொன்றவரும் கொல்லப்பட்டவரும் பலியானோர் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கலாமா என யூத மக்கள் கேட்டனர். தாயர்களே கொல்லப்பட்ட படுகொலையை எஞ்சியிருக்கும் தாயின் துயர் எவ்வாறு குறிக்கும் என்று கேட்டோரும் உளர். பின்னர் வாயிலில் பலியானோரின் வகைகளைப் பிரித்துக் கூறும் பலகையொன்று வைக்கப்பட்டது. கண்டித்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது எனக் கருதுகின்றேன். ஒருத்தி தன் பெயரில் முழந்தாளிடலாம். அவளுடைய முழந்தாளை ஓர் அரசு இரவல் வாங்கி எல்லோர் பெயராலும் மண்டியிடப் புகுந்தால், எவரும் எதற்கும் பொறுப்பாளியல்லர் என்றாகிவிடுகின்றது.

பெற்றோர் சிலைகள் 1956இல் ரொக்கெவெல்டவிலிருந்து, அங்கிருந்த புதைகுழிகளோடு, விளாட்ஸ்லோவுக்கு மாற்றப்பட்டன. இன்று அங்கே 25,000க்கும் மேற்பட்டோர் கிடக்கின்றனர். தரையோடு படிந்த சதுரக் கற்கள் ஒவ்வொன்றிலும் இருபது பெயர்கள். சிலைகளுக்கு முன்னேயுள்ள கல்லொன்றில் பீற்றரின் பெயர் இருக்கின்றது. அதனைத் தேடுபவர் ஏனைய பத்தொன்பது பெயர்களையும் வாசித்தே ஆகவேண்டும்.

இச்சின்னம் எதனையாவது தடுத்ததா என்று கேட்போர்க்கு விடை எளிது. நிறுவப்பட்டு ஏழு மாதங்களுள் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். இடதுசாரிகள் ஒன்றுபட வேண்டுமென்ற வேண்டுகோளில் ஒப்பமிட்டமைக்காகக் கொல்விற்ஸ் பிரசியக் கலைக் கழகத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் அவருடைய ஆக்கங்கள் காட்சிகளிலிருந்து அகற்றப்பட்டன. 1940இல் கார்ள் இறந்தார். மூத்த மகன் ஹான்ஸ் தன் பிள்ளையொன்றுக்குத் தம்பியின் பெயரையே இட்டிருந்தான். அந்தப் பேரன் பீற்றரும் படையிற் சேர்க்கப்பட்டு ரஷ்யப் போர்முனைக்கு அனுப்பப்பட்டான்.

'போர்' தொடரின் முதல் ஓவியத்தில் ஒரு தாய் கண்களை மூடி, கைகளை நீட்டித் தன் குழந்தையை ஏந்திக் கொடுத்துக்கொண்டிருந்தாள். 1942இல், எழுபத்து நான்கு வயதில், கொல்விற்ஸ் தமது இறுதிக் கல்லச்சோவியத்தை ஆக்கினார். டேமலுக்கு எழுதிய மறுமொழியில் வந்த விதைத் தானியமே அதன் தலைப்பு. அதில் முதிய தாயொருத்தி மூன்று சிறுவர்களைத் தன் மேலங்கிக்குள் அடக்கி, இரு கைகளையும் அவர்கள்மேல் கவிழ்த்துப் பிடித்திருக்கின்றாள். சிறுவர்களுக்கு அச்சமில்லை, வெளியே போகும் ஆவலோடு கைகளின் கீழாக எட்டிப் பார்க்கின்றனர். அவள் விடுவதாக இல்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் பேரன் பீற்றர் கொல்லப்பட்டான்.